நாற்பது டிகிரி அலமாரி

மருந்து கம்பெனியில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். எதிரில் இருக்கும்போது "ஸ்கேல் மேடம்", முதுகைக் காட்டியதும் வெறும் "ஸ்கேல்". பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அட்டையைப் பார்க்கிறவர்கள் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பெயர் வரைக்கும் வருவதில்லை.

வெள்ளைக் கோட்டின் மேல்பையில் எந்நேரமும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர். ஆளும் அப்படித்தான்: ஒல்லி, நேர், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். நாற்பதை நெருங்குகிறாள், கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் நான்கு காரணங்கள் புழங்குகின்றன. நான்கையும் விசாரித்தாயிற்று, நான்கும் பொய். ஐந்தாவதாக ஒன்று இருந்தால் அவள் இன்னும் யாரிடமும் வாய்திறக்கவில்லை என்று அர்த்தம். திறந்திருந்தால் நமக்குத் தெரியாமல் போயிருக்காது.

அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். சாப்பாடு கீழே அக்காவின் சமையலறையில். அக்காவின் கணவர், அதாவது மாமா, அதே கம்பெனியில் விற்பனைக்குத் தலைவர். அவர் காரில் போவார், இவள் பேருந்தில் போவாள். காரில் ஏறினால் வழியெல்லாம் விற்பனையைப் பற்றிக் கேட்க வேண்டும், பேருந்தில் வெறும் நெரிசல்தான். காலையில் அக்கா இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கட்டித் தருவாள். இரண்டும் ஒருநாள் கைதவறி மாடிப்படியில் சேர்ந்து உருண்டதில் இரண்டு மூடியிலும் ஒரே இடத்தில் ஒடுக்கு.

கம்பெனியில் அவள் வேலை, புது மருந்தைக் கிழடாக்குவது. குழந்தைகளுக்கான இருமல் சிரப் ஒன்று தயாராகியிருந்தது. அது வீட்டு அலமாரியில் எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்க, வருடக்கணக்கில் அதன் எதிரில் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் பாட்டில்களை நாற்பது டிகிரி சூட்டில் ஓர் அலமாரியில் அடைத்துவைப்பாள். வெளியே வருடங்களில் வருகிற முதுமை அங்கே மாதங்களில் வந்துவிடும். திங்கட்கிழமைதோறும் ஒரு பாட்டிலை எடுத்து, மருந்துச்சத்து எவ்வளவு மிச்சம் என்று அளப்பாள்.

சத்து குறைகிற விதத்தை அவள் ஒருமுறை கம்பெனிக் கூட்டத்தில் பிஸ்கட் தட்டைக் காட்டி விளக்கியிருக்கிறாள். அந்த விளக்கம் தெரு வரைக்கும் வந்துவிட்டது. தட்டு நிறைந்திருக்கும்போது நாலாபக்கமிருந்தும் கை நீளும். பாதி குறைந்ததும் கைகளுக்குக் கூச்சம் வந்துவிடும். இன்னும் குறைந்தால் எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள். கடைசி பிஸ்கட்டை ஒருவர் பாதியாக உடைத்து எடுப்பார், அடுத்தவர் மீதியில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கூட்டம் முடியும்போதும் ஏதோ ஒரு துணுக்கு தட்டில் கிடக்கும். எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில் குறைவது. முதல்வகை வினை என்பது இதுதான். தட்டு பெரிதோ சிறிதோ, பாதியாவதற்குப் பிடிக்கிற நேரம் ஒன்றே. அந்த வேகத்தை ஓர் எண்ணாகச் சொன்னால் வேக மாறிலி. பிஸ்கட் விஷயத்தில் அதைக் கூட்டத்தின் வெட்கங்கெட்டதனம் என்று வைத்துக்கொள்ளலாம். பசி ஏறினால் அதுவும் ஏறும். மருந்துக்குப் பசி என்றால் சூடு.

இந்த விளக்கம் யாருக்குப் பிடித்ததோ இல்லையோ, முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. கம்பெனியில் அவரைப் பெரியவர் என்பார்கள். அன்றிலிருந்து கடைசி பிஸ்கட்டின் முதல் பாதியை அவர்தான் எடுப்பார். "மாறிலிய காப்பாத்துறேன்" என்று சொல்லிக்கொண்டு எடுப்பார்.

மிச்சமிருக்கும் அளவுக்கு மடக்கை எடுத்து வாரவாரம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனால், புள்ளிகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் கீழே இறங்கும். கோட்டின் சரிவுதான் மாறிலி. அதை வைத்து, சாதாரண வீட்டுச் சூட்டில் நூறு பங்கு சத்து எப்போது தொண்ணூறுக்குக் கீழே போகும் என்று கணக்குப் போடுவாள். அதுதான் பாட்டிலில் அடிக்கிற கெடு தேதி. அந்தக் காகிதத்தில் கடைசியாக இருக்க வேண்டியது அவள் கையெழுத்து.

இந்தச் சிரப்பின் புள்ளிகள் ஆரம்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. நடுவில் எங்கிருந்தோ ஒரு திமிர் வந்தது. ஒரு வாரம் புள்ளி கோட்டுக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் மேலே. அதற்கப்புறம் வந்தவையெல்லாம் பழைய கோட்டை மதிக்காமல் தங்களுக்கென்று ஒரு சாய்வான பாதை போட்டுக்கொண்டு நிதானமாக இறங்கின.

முந்திய புள்ளிகளை நம்பினால் சிரப் இருபது மாதம் நிற்கும். பிந்தியவற்றை நம்பினால் இரண்டு வருடம்.

இரண்டு வருடம் என்றுதான் மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"என்ன ஸ்கேல், ரெண்டு வருஷந்தானே?" என்று நடைபாதையில் வழிமறித்தார். வீட்டில் "சின்னவளே" என்பவர், கம்பெனியில் எல்லாரையும் போல ஸ்கேல்தான். "லேபிள் அடிச்சாச்சு. சுருள் சுருளா வந்து இறங்கிடுச்சு."

"யாரைக் கேட்டு அடிச்சீங்க மாமா?"

"கேக்க என்ன இருக்கு? மத்தவங்க சிரப்பெல்லாம் ரெண்டு வருஷம் நிக்குது. நம்மது மட்டும் கால் வலிக்குதுன்னு உக்காந்துடுமா?"

"புள்ளி ரெண்டு விதமா போகுது. முதல்ல ஒரு சரிவு, அப்புறம் ஒரு சரிவு."

"ஆரம்பத்துல எதுவுமே வேகமாத்தான் இருக்கும். கல்யாணம் மாதிரி. போகப்போக நிதானமாயிடும். உங்க அக்காவக் கேளு."

"நிதானமாகும் மாமா. ஆனா மிச்சம் இருக்கறதுக்கு ஏத்த மாதிரிதான் ஆகணும். இது அதுக்கு மேல சோம்பேறித்தனம் பண்ணுது. ஏன்னு தெரியாம கையெழுத்து போட மாட்டேன்."

"ஏன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போற? நல்லபடியா போகுதுல்ல, விட்டுடேன்." மாமா நாலடி போய்த் திரும்பினார். "வெள்ளிக்கிழமை கூட்டம். ஞாபகம் இருக்கட்டும்."

ஸ்கேல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். தராசைச் சந்தேகப்பட்டாள், அது யோக்கியம். கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தாள், அதே எண். அளந்த பாட்டிலையே மறுபடி மறுபடி அளந்தாள், பாட்டில் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னது. கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டு, கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துவிட்டு வந்தாள். கண்ணிலும் குற்றமில்லை. அலமாரியை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. காரணம், குடுவை அண்ணன்.

குடுவை அண்ணன் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி அடுக்குகிறவர். ஐம்பது தாண்டிய கனத்த உடம்பு, ஆனால் விரல்கள் பூனைப் பாதம் மாதிரி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு குடுவையைக்கூட உடைத்ததில்லை. காலையில் வந்ததும், கோட்டை மாட்டுவதற்கு முன்னாலேயே அலமாரியின் வெப்பமானியைப் பார்த்து "நாப்பது, மேடம்" என்று குரல் கொடுப்பார். அவர் சொன்னால் அது நாற்பதுதான். ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அந்த வாரங்களிலும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் பேக்கிங் பகுதிப் பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் ஸ்கேல் சாப்பிட உட்காரும்போது அவள் டப்பாவைக் குடுவை அண்ணன்தான் கொண்டுவந்து வைக்கிறார். மூடியைத் திறந்தால் சாப்பாடு வெதுவெதுவென்று இருக்கிறது. "ஸ்கேலுக்கு மட்டும் சூடா போகுது, பாத்தியா?" என்று ஒருத்தி ஆரம்பிக்க, சாயங்காலத்துக்குள் அது பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டது. உண்மையில் இன்னும் நாலைந்து பேருக்கும் சாப்பாடு சூடாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அண்ணனுக்கு வீட்டில் மனைவியும், அவரையே அதட்டுகிற இரண்டு பெண்களும் உண்டு. ஆனால் வம்புக்கும் வரைபடத்துக்கும் ஒரு வித்தியாசம்: வம்பில் ஒத்துவராத புள்ளியை அழித்துவிடலாம்.

ஸ்கேலுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. சாப்பாடு சூடாக இருந்தது என்பதே அவளுக்குச் சரியாக உறைக்கவில்லை. கொஞ்ச நாளாகச் சாப்பாடு நன்றாக இருக்கிறது, அக்காவின் கை தேறிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

அந்த வாரத் திங்கட்கிழமை பாட்டிலை எடுத்தபோது அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. துடைத்தாள், போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். வதக்கிய வெங்காயம். தன் கையாக இருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி முகர்ந்தாள். கை சோப்பு வாசனை, பாட்டில் வெங்காய வாசனை. இருமல் சிரப்பில் என்னென்னவோ சேர்த்திருந்தார்கள், வெங்காயம் சேர்க்கவில்லை.

அலமாரிக் கதவை அவள் எப்போதும் காலையில்தான் திறப்பாள். சூடு வெளியே போகக்கூடாது என்று மற்ற நேரங்களில் கிட்டேயே போகமாட்டாள். மறுநாள் யோசித்துக்கொண்டே இருந்தவள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போய்த் திறந்தாள்.

மேல்தட்டில் பித்தளைக் கைப்பிடி போட்ட நாலடுக்கு கேரியர் ஒன்று மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் கீழே பாட்டில்களை நெருக்கித் தள்ளிக்கொண்டு நான்கு டப்பாக்கள். அதில் இரண்டு இரட்டைப் பிள்ளைகள், மூடியில் ஒரே இடத்தில் ஒடுக்கு. டப்பாக்களின் வயிற்றில் வழிந்த வியர்வை இன்னும் காயாமல் இருந்தது. அவற்றோடு ஒட்டி நின்ற பாட்டில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். குழாய்த் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. வெப்பமானியைப் பார்த்தாள். முப்பத்தொன்று.

கதவைத் திறந்தபடியே நின்றுகொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் பட்டென்று சாத்தினாள். சாத்திய கதவில் சிவப்பு எழுத்தில் பெரியவர் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு: அனுமதியின்றித் திறப்பவர் வேலையை இழப்பார்.

பின்னால் குடுவை அண்ணன், தோளில் துண்டும் கையில் தட்டுமாக, டப்பாக்களை எடுக்க வந்து நின்றார்.

"எத்தனை நாளா அண்ணே?"

அவர் மறைக்கவில்லை. "அந்த மின்சார அடுப்ப எடுத்துட்டுப் போனாங்கல்ல மேடம், அதுலேர்ந்து."

அடுப்பு விஷயம் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு அறையில் ஒரு மின்சார அடுப்பு இருந்தது. யாரோ பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்ததில் மாடி முழுக்கப் புகை. பெரியவர் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். வெயில் காலம், காலையில் கொண்டுவருகிற சாப்பாடு கெடாமல் இருக்க எல்லாரும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். மத்தியானம் எடுத்தால் கல்.

"யார் யாரோட டப்பா?"

"முதல்ல உங்களோடது மட்டுந்தான் மேடம், பதினொரு மணிக்குப் பெட்டியிலேர்ந்து எடுத்து இதுல வச்சிடுவேன். நீங்க அந்தப் புள்ளி வச்ச காகிதத்த வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டே, ஐஸ் கட்டிய முழுங்கற மாதிரி முழுங்குவீங்க. பாக்கச் சகிக்கல. அப்புறம் உங்க மாமா, ரெண்டும் ஒரே டப்பாவா, எது எதுன்னு தெரியாம ரெண்டையும் வச்சேன். அப்புறம் கணக்கர் கேட்டாரு. என்னோடது ஒண்ணு. பெரியவர் கேரியர அவரு டிரைவர் கொண்டாந்து குடுப்பான். பெரியவருக்குத் தெரியாது, டிரைவர்தான் எங்கயோ சூடு பண்ணிக் கொண்டாறான்னு நினைச்சிட்டிருக்காரு."

"இது சோறு சூடு பண்ற அலமாரியா அண்ணே?"

"சும்மாதானே சூடா இருக்கு மேடம்? சூடு என்ன தீர்ந்துபோற சாமானா? பக்கத்துல வச்சா ஒட்டிக்குது, அவ்வளவுதானே."

"ஒட்டிக்கிட்டது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?"

அண்ணன் அலமாரியைப் பார்த்தார், டப்பாவை எடுக்க நீட்டிய துண்டைப் பார்த்தார். பிறகு பாட்டில்களை, முதல்தடவை பார்க்கிறவர் மாதிரி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காலையில நான் பாக்கறப்போ நாப்பதுதான் மேடம் இருக்கும். சத்தியமா."

"இருக்கும். ராத்திரியெல்லாம் பாடுபட்டு ஏறியிருக்கும். மத்தியானம் நீங்க இறக்கிடுவீங்க." அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்தது. கோடு கெட்டுப்போகவில்லை. சிரப் பொய் சொல்லவில்லை. அரை நாள் குளிரில் உட்காரவைத்தால் எந்த மருந்தும் மெதுவாகத்தான் கிழடாகும். மாறிலி சூட்டுக்குத்தான் கட்டுப்பட்டது, மாமாவின் லேபிளுக்கு இல்லை.

"இத வெளியில சொன்னா என்னை அனுப்பிடுவாங்களா மேடம்?" கதவிலிருந்த சிவப்பு எழுத்தை அவர் பார்க்காமலே கேட்டார். தினமும் அதைத் துடைக்கிறவர் அவர்தான், பார்க்க வேண்டியதில்லை.

ஸ்கேல் கதவை மறுபடி திறந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். வெதுவெதுவென்றுதான் இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அது எங்கிருந்து வந்த சூடு என்று தெரிந்தது. அப்படியும் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

அவளுடைய சங்கடம் இதுதான், சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. இரண்டு வருடம் என்று கையெழுத்துப் போட்டால் மாமாவுக்கு லேபிள் வீணாகாது, அக்கா வீட்டில் அமைதி, அண்ணன் வேலை தப்பும், ஒருத்தருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இருபது மாதம் என்று போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் அலமாரிக்குள் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கீழே சாப்பிட உட்கார்ந்தபோது மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அக்கா பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கும் இருபது மாசத்துக்கும் அப்படி என்னடி பெரிய வித்தியாசம்?" என்றாள் அக்கா. "நாலு மாசம். அந்த நாலு மாசத்த வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற?"

"எனக்கு வேண்டாங்க்கா. யாருக்கும் குடுக்கவும் என்னால முடியாது."

"குடுக்க மாட்டேன்னு சொல்லு. உங்க மாமா ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

மாமா மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேல் அதைக் கவனித்தாள்.

அக்காவின் சின்னப்பெண் உள்ளேயிருந்து இருமிக்கொண்டே வந்தாள். அக்கா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய சிரப் பாட்டிலை எடுத்து, விளக்குக்கு நேராகத் தூக்கிப்பிடித்து, கண்ணைச் சுருக்கித் தேதியைப் படித்தாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் புருஷன் சொல்வதை நம்பமாட்டாள், பக்கத்து வீட்டில் சொல்வதை நம்பமாட்டாள், தொலைக்காட்சியில் மழை வரும் என்றால் துணியை வெளியே காயப்போடுவாள். ஆனால் அச்சடித்த தேதி என்றால் அவளுக்கு வேதவாக்கு. பால் பாக்கெட்டில் இன்றைய தேதி இருந்தால் கடைசிச் சொட்டு வரை காய்ச்சுவாள். நேற்றைய தேதி என்றால் முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிடுவாள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கு" என்றாள் அக்கா திருப்தியாக. "குடி. நல்லா குலுக்கியாச்சு." ஸ்பூன் நிறைய ஊற்றினாள். பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தது. அந்த ஸ்பூனில் என்ன இருந்தது என்று அக்கா பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. தேதியைப் பார்த்தாயிற்று, போதும்.

ஸ்கேல் அந்த ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கொஞ்சம் குழம்பு கேட்டாள். அக்கா ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பிஸ்கட் தட்டு வழக்கம்போல நடுவில் இருந்தது. பெரியவர், மாமா, கணக்கர், இன்னும் இரண்டு பேர். வெந்நீர்க் குடுவையைக் கொண்டுவந்து வைத்த குடுவை அண்ணன் சுவரோரம் நின்றுகொண்டார். போகச் சொல்லாததால் நின்றாரா, கால் நகரவில்லையா என்பது தெரியாது.

ஸ்கேல் வரைபடத்தை விரித்தாள். "இருபது மாசம் சார்" என்றாள்.

மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "சார், லேபிள் ரெண்டு வருஷம்னு..."

"உக்காருங்க" என்றார் பெரியவர். "ஏம்மா, இந்தப் பக்கத்துப் புள்ளியெல்லாம் ரெண்டு வருஷத்துக்குத்தானே போகுது? எனக்கே தெரியுதே."

"அந்தப் பக்கத்துப் புள்ளிய எடுத்துக்க முடியாது சார். அந்த வாரங்கள்ல அலமாரி நாப்பதுல இல்ல. தினமும் மத்தியானம் இறங்கியிருக்கு."

"ஏன் இறங்குச்சு? ரிப்பேரா?"

"இல்ல சார். உள்ள குளிர்ந்த சாமான் வச்சிருந்தாங்க."

பெரியவரின் முகம் மெதுவாகச் சிவந்தது. "கதவுல எழுதி ஒட்டியிருக்கேன். யாரு? யாரு வச்சது? இன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்புங்க. மருந்து அலமாரியில என்னத்த வச்சாங்க?"

"சாப்பாட்டு டப்பா" என்றாள் ஸ்கேல்.

சுவரோரம் அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். குரல் உயரவில்லை, வரைபடத்தைப் படிக்கிற அதே குரல்.

"அஞ்சு இருந்துச்சு சார். அதுல ஒண்ணு என்னோடது. ஆறேழு வாரமா சூடா சாப்பிட்டிருக்கேன், எப்படிச் சூடாச்சுன்னு ஒருநாளும் கேக்கல. அந்த அலமாரிக்கு நான்தான் பொறுப்பு. அனுப்பறதா இருந்தா என்னைத்தான் முதல்ல அனுப்பணும். என் டப்பா மூடியில ஒரு ஒடுக்கு இருக்கும். அதே மாதிரி ஒடுக்கோட பக்கத்துல இன்னொரு டப்பா."

மாமா திடீரென்று பிஸ்கட்டில் ஆர்வம் காட்டினார்.

"அப்புறம் நீலக் கயிறு கட்டின டப்பா ஒண்ணு." கணக்கர் தொண்டையைச் செருமினார். "குடுவை அண்ணனோடது ஒண்ணு. மேல்தட்டுல ஒரு நாலடுக்கு கேரியர் சார். பித்தளைக் கைப்பிடி."

பித்தளைக் கைப்பிடி கேரியர் அந்தக் கம்பெனியில் ஒன்றுதான். வாசலில் கார் வந்து நின்றால் அதில் முதலில் இறங்குவதே அதுதான்.

"என் டிரைவர் கடையில குடுத்துச் சூடு பண்றான்னு சொன்னானே" என்றார் பெரியவர், யாரிடமும் இல்லாமல்.

"நாந்தாங்க வச்சேன்" என்றார் குடுவை அண்ணன். "எல்லாத்தையும் நாந்தான் வச்சேன். அடுப்பு இல்லீங்களா."

பெரியவர் அவரைப் பார்த்தார். அடுப்பு பூட்டிவைத்திருந்த தன் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒரே ஒரு பிஸ்கட்தான் மிச்சம். அதை எடுத்துப் பாதியாக உடைத்து, ஒரு பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, மற்றதை நிதானமாக மென்றார். ஒருவர் மென்று முடிக்க இவ்வளவு நேரமாகுமா என்று எல்லாருக்கும் தோன்றியது.

"நல்லாத்தான் இருந்துச்சு, சாப்பாடு" என்றார் கடைசியில். "இருபது மாசம்னா இருபது மாசம். புதுசா பாட்டில வச்சு மறுபடி பாரும்மா. அதுவரைக்கும் இதுதான்." மாமாவிடம் திரும்பினார். "லேபிள மாத்துங்க. மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க, உங்க டப்பாவும் உள்ளதான் இருந்திருக்கு." எழுந்து போகும்போது வாசலில் நின்றார். "அந்த அடுப்ப எடுத்துட்டுப் போய்ச் சாப்பாட்டு ரூம்லயே வைங்க. பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். நீரு நில்லுமய்யா" என்று குடுவை அண்ணனைக் காட்டினார். "உமக்குத்தான் அடுத்தவங்க சாப்பாடு ஆறக்கூடாதே."

குடுவை அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தட்டில் கிடந்த பாதி பிஸ்கட்டை யாரும் எடுக்கவில்லை. கணக்கர் அதில் பாதியை உடைத்தார்.

புதிய பாட்டில்களின் புள்ளிகள் ஒழுங்காக இறங்கின. முதல் கோட்டின் மேல் இரண்டாவது கோட்டை வைத்துப் பார்த்தபோது ஸ்கேலின் தடிமன்கூட இடைவெளி இல்லை. குடுவை அண்ணன் இப்போது காலையில் ஒருமுறையும், மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு ஒருமுறையும் வந்து "நாப்பது, மேடம்" என்று குரல் கொடுக்கிறார். மத்தியானக் குரலில் ஒரு கர்வம் இருக்கிறது. பேக்கிங் பெண்கள் அதற்கும் ஏதோ காரணம் வைத்திருக்கிறார்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

சிரப் கடைகளுக்கு வந்தது. அக்கா ஒரு பாட்டில் வாங்கினாள். கம்பெனிக்காரர் வீடு என்று சும்மா கொடுத்தால் வாங்கமாட்டாள், கடையிலிருந்து வந்தால்தான் மருந்து. வீட்டுக்கு வந்ததும் விளக்குக்கு நேராகத் தூக்கிப்பிடித்தாள். தயாரித்த மாதத்தையும் முடிகிற மாதத்தையும் விரல்விட்டு எண்ணினாள்.

"என்னடி இது? இருபது மாசந்தான் வருது. மத்ததெல்லாம் ரெண்டு வருஷம் நிக்குது, இது மட்டும் ஏன் குறைச்சல்? நாலு மாசத்த அமுக்கிட்டாங்க பாரு. உங்க கம்பெனி இவ்வளவு கஞ்சத்தனமா?"

மாமா சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமாங்க்கா" என்றாள் ஸ்கேல்.

"ஏமாத்துக்காரங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா அலமாரியைத் திறந்தாள். பின்வரிசையில் வைக்கப்போனவள் மனம் மாறி, இரண்டு வருடம் போட்ட மற்ற பாட்டில்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்தப் பாட்டிலை முன்னால், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். சீக்கிரம் தீர்ந்துபோகிற தேதி, முதலில் அதைத்தானே எடுக்க வேண்டும்.